புறாவும் காகமும் நம் வீடும்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா இருப்புப்பாதையில் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் சென்றால் சூளூர்பேட்டையை அடையலாம். காளங்கி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூர் 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது நெல்லூர் மாவட்டத்தினின்று பிரிந்து திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைவீதியில் தெலுங்கும் தமிழும் ஒருங்கே ஒலிக்கும். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்திற்குச் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து செல்கிறது. விண்கலங்களால் உலகப் புகழ் பெற்ற இவ்வட்டாரம் பறவைகளாலும் புகழ் பெற்றது. குளிர்காலத்தில் அச்சாலையின் இருமருங்கும் ஆழமற்ற உப்பு நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதைக் காணலாம். இப்பறவைகளின் பெயராலேயே 2001 முதல் சூளூர்பேட்டையில் ஒரு திருவிழா நடைபெற்று வருகிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்த அவ்விழா 2025 ஜனவரியில் மீண்டும் நடந்தது.

இவ்வூருக்கு வடக்கே சிறிது தொலைவில் நேலப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள ஏரியின் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஐப்பசி கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியனவும் உடன் வருகின்றன. அம்மரங்களின் இலைகள் எச்சத்தால் வெண்மை பூசியது போலக் காட்சியளிக்கும். மீன் நாற்றமும் குஞ்சுகளின் இரைச்சலும் இருக்கத்தான் செய்யும். எனினும் அவற்றைக் காண நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

அதே சூளூர்பேட்டையில், மாடிக் குடியிருப்பின் சாளர விளிம்பில் இரண்டு மாடப்புறாக்கள் வந்து அமர்ந்து எச்சமிட்டால் குடியிருப்போர் முகஞ்சுளிக்கின்றனர். ஆயிரம் கூழைக்கடாக்களின் எச்சம் பொறுத்துக்கொள்ளத் தக்கதாகவும், இரண்டு புறாக்களின் எச்சம் பொறுக்கவொண்ணாததாகவும் தோன்றுவது ஏன்? இது வெறும் மனப்பாங்கின் வேறுபாடுதானா? அல்லது அதற்குத் தக்க காரணம் உண்டா? இவ்வினாவிற்கு விடை கண்டால், வீட்டைச் சுற்றித் தொல்லை தரும் பறவைகளை எவ்வாறு நடத்துவது என்பதும் தானே விளங்கும்.

பறவையோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஊர்கள்

பறவைகளை வீட்டு வாயிலிலேயே வைத்துக்கொண்டு வாழும் ஊர்கள் தென்னாட்டில் சில உள்ளன. பெங்களூரில் வாழும் தமிழர் மைசூர் செல்லும் வழியில் காணக்கூடிய ஊர் கொக்கரே பெள்ளூர். மாண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுவது காட்டில் அன்று. வீடுகளை ஒட்டிய புளிய மரங்களிலும் அத்தி, அரச மரங்களிலும் கட்டுகின்றன. பறவைகள் தங்கிய புளிய மரத்தில் காய்ப்புக் குறைவது இயல்பு. ஆயினும் மரத்தின் உடையவர்கள் பறவைகளை விரட்டவில்லை. மரத்தடியில் குழி தோண்டி எச்சத்தைச் சேர்த்து வயலுக்கு எருவாக்கினர். புளி விளைச்சலில் நேர்ந்த இழப்பிற்காக வனத்துறையும் மரத்துக்கு உடையோருக்கு ஒரு தொகை வழங்கி வந்தது. 2007இல் அவ்வூர் சமுதாயக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இதே நிலைதான். குளத்தில் மட்டுமன்றி, தெருவோர மரங்களிலும் வீட்டுக் கொல்லை மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காகத் தீபாவளியன்றும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலின் வரலாறு இன்னும் பழைமையானது. ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்துவதைப் பொறாத ஊர் மக்கள் அந்நாளைய கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டு வாக்கில் காப்புரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்த வயல்கள் நன்கு விளைந்தன என்பதை அவ்வுழவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

இவ்வூர்களை நாம் கூர்ந்து நோக்கினால் மூன்று செய்திகள் புலப்படும். முதலாவது, அப்பறவைகள் தம் இரையைத் தாமே ஏரிகளிலும் ஆறுகளிலும் தேடிக்கொள்கின்றன, மனிதனிடம் கையேந்துவதில்லை. இரண்டாவது, பருவத்தில் வந்து குஞ்சுகள் பறக்கக் கற்றதும் சென்றுவிடுகின்றன. மூன்றாவது, அவற்றின் எச்சம் சென்று சேர்வதற்கு வயல் இருக்கிறது. திறந்த வெளியில், மழையும் வெயிலும் படும் இடத்தில் அது எருவாகிறது.

நகரத்துப் புறாவிற்கோ இம்மூன்றும் நேர்மாறாக அமைந்துவிட்டன. அதன் இரையை நாம் வழங்குகிறோம். அது ஆண்டு முழுவதும் தங்குகிறது. அதன் எச்சம் நம் படுக்கையறைச் சாளரத்தின் வெளியே உலர்ந்து தூளாகிறது.

மாடம் தேடும் புறா

தமிழில் இப்பறவைக்கு வழங்கும் பெயரே இதன் இயல்பைக் கூறிவிடுகிறது. மாடங்களில் வாழ்வதால் அது மாடப்புறா. இதன் முன்னோர் மலைப்பாறைகளின் இடுக்குகளிலும் பாறை விளிம்புகளிலும் வாழ்ந்தவை. அடுக்குமாடிக் கட்டடம் இப்பறவையின் கண்ணுக்கு ஒரு செங்குத்துப் பாறையே. சாளரத்தின் மேல் நீட்டிய வெயில்மறைப்பு, குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, பயன்படுத்தாத பால்கனியின் மூலை ஆகியவையெல்லாம் அதற்கு ஏற்ற பாறை இடுக்குகள். நாம் கட்டடம் எழுப்பும்போதே புறாவிற்கும் சேர்த்து வீடு கட்டிவிடுகிறோம்.

புறா ஒருமுறைக்கு இரண்டு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்க, ஏறத்தாழ பதினெட்டு நாட்களில் குஞ்சு வெளிவரும். தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற பொருளை ஊட்டி அதை வளர்க்கின்றன. நான்கு ஐந்து வாரங்களில் குஞ்சு பறந்துவிடும். தீனி தட்டாமல் கிடைக்குமிடத்தில் இவ்வாறு ஆண்டிற்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். 2023இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, நாட்டில் பெருகிவரும் பறவைகளுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளது. பல பறவைகள் குறைந்துவரும் காலத்தில் இது பெருகுவதற்கு, கட்டடமும் கைத்தீனியும் பெருகியமை பெருங் காரணமாகும்.

இதனால் விளையும் தீங்கு அழுக்கு மட்டுமன்று. உலர்ந்த எச்சத்தின் தூளும் இறகின் நுண்துகளும் மூச்சுடன் கலந்து நாள்தோறும் உட்சென்றால், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் நுரையீரல் தடித்து, இழந்த வலிமை திரும்பக் கிட்டாமலே போவதுண்டு. எச்சத்தில் வளரும் பூஞ்சைகள் சிலவும், எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு நோய் தருவன. ஆதலின் நெடுநாள் இருமலுக்கு மருத்துவரை நாடுவோர், தம் வீட்டருகே புறா தங்குவதையும் மறவாது தெரிவித்தல் வேண்டும். மருத்துவர் கேளாவிடினும் நாமே கூறுவது நன்று.

இக்கேள்வி அண்மையில் மும்பையில் பெரும் வழக்காகவே எழுந்தது. அந்நகரில் ‘கபூதர்கானா’ எனப்படும் புறாக்களுக்குத் தீனியிடும் இடங்கள் பல தலைமுறைகளாக இருந்து வந்தன. மக்கள் நலத்தைக் கருதி 51 இடங்களை மூட வேண்டுமென 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு கூறியது. தாதரிலுள்ள புகழ்பெற்ற புறாக்கூடம் தார்ப்பாயால் மூடப்பட்டது. உயிர்களிடத்து அன்பு காட்டுவதை அறமாகக் கொண்ட பலர் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் பொதுமக்களின் உடல்நலத்தை முதன்மையாகக் கொண்டு, இதனை ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு கூறிற்று. ஒருபுறம் நெடுநாளைய அறவுணர்ச்சி, மறுபுறம் அண்டை வீட்டாரின் மூச்சு. இவ்விரண்டையும் எடைபோடும் நிலை மும்பைக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் ஒவ்வோர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் சிறிய அளவில் அது எழுந்தே தீரும்.

கொன்று ஒழித்தல் கூடுமா?

தொல்லை மிகும்போது, நஞ்சிட்டு ஒழித்துவிடலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. அது அறத்திற்கு மாறானது என்பதோடு, பயனற்றது என்பதையும் உலக அனுபவம் காட்டுகிறது. 1958இல் சீன அரசு தானியத்தைத் தின்னும் சிட்டுக்குருவியைப் பகையெனக் கருதி நாடெங்கும் அழிக்கச் செய்தது. குருவிகள் குறைந்ததும் அவை தின்று வந்த பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. இரண்டே ஆண்டுகளில் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்க்க நேர்ந்தது.

நம் நாட்டுக் காகத்தின் கதையும் இதற்கு ஒரு சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஊர்க் குப்பையை அகற்றும் என்று எண்ணி இதனைச் சான்சிபார்த் தீவிற்குக் கொண்டுசென்றனர். மலாயாவின் கிள்ளான் பகுதிக்கோ, காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னும் என்று கருதி இலங்கையிலிருந்து கொண்டுசென்றனர். தமிழர் தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த அதே காலத்தில் காகமும் கடல் கடந்தது! சென்ற இடங்களிலெல்லாம் அது பெருகி, அங்குள்ள சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. கென்ய நாடு 2024 ஜூனில், அவ்வாண்டின் இறுதிக்குள் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. ஒரு நூற்றாண்டிற்கு மேலாகப் பெருகியவை அவை. குப்பை கொட்டும் வழக்கம் மாறாத வரையில், கொன்ற இடத்தை நிரப்ப வேறு காகங்கள் வந்துகொண்டேயிருக்கும். தீனி எவ்வளவோ அவ்வளவே பறவை. இஃது இயற்கையின் கணக்கு.

ஆகவே செய்யத்தக்கது ஒன்றே. பறவை நம்மிடம் தேடி வருவது எதுவோ அதனை அகற்ற வேண்டும். முதலில் இரை, அடுத்து இருக்கை, அதன் பின்னரே தூய்மை. இவ்வரிசை மாறினால் உழைப்பெல்லாம் வீணாகும். தீனி கிடைக்கும் வரை, கழுவிய இடத்தில் மறுநாளே புறா வந்து அமரும்.

புறாவை வரவிடாதிருக்கும் முறைகள்

தீனியை நிறுத்துவதில் நம் வீடு மட்டும் கருதத்தக்கதன்று. ஒரு வீட்டார் இறைக்கும் தானியம் பத்து வீட்டாருக்குத் தொல்லையாகும். கைப்பிடிச் சுவரில் வைக்கும் சோறு, திறந்த குப்பைத் தொட்டி, கொட்டிய அரிசி, வளர்ப்புப் பறவைக் கூண்டின் கீழ்ச் சிதறிய தினை ஆகியவை அனைத்தும் தீனியே.

இருக்கையை அகற்றுவதற்கு வலை சிறந்தது. புறாவிற்கு இரண்டு அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுடைய நைலான் வலை போதும். அதனைத் தொய்வின்றி இழுத்துக் கட்டல் வேண்டும். தொய்ந்த வலையில் பறவையின் காலும் சிறகும் சிக்கி, அது துடித்து மடியும். வலை கட்டுமுன் உள்ளே கூடோ குஞ்சோ இல்லையென்று உறுதி செய்துகொள்ளல் வேண்டும். வாரம் ஒருமுறை வலையை நோக்கி, சிக்கிய பறவை இருந்தால் விடுவிக்க வேண்டும்.

வலை கட்ட இயலாத விளிம்புகளில், 45 பாகைக்குக் குறையாத சரிவாகப் பலகையோ தகடோ பொருத்தலாம். சரிவில் புறாவால் கால் ஊன்றி நிற்க இயலாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சந்தைக் காற்றோட்டம் தடைப்படாதவாறு கம்பி வலையால் அடைக்கலாம். மொட்டைமாடி நீர்த்தொட்டியின் மூடி எப்போதும் பொருந்தியிருத்தல் வேண்டும். மிகைநீர் வெளியேறும் குழாயின் வாயிலும் கம்பி வலை இடுதல் நலம்.

கூடு கட்டத் தொடங்கும்போது காய்ந்த குச்சிகள் மட்டுமே இருப்பின், நாள்தோறும் அவற்றை அகற்றிவிடலாம். சில நாட்களில் புறா வேறிடம் நாடும். முட்டையிட்ட பின்னரோ, குஞ்சு பறக்கும் வரை ஆறு ஏழு வாரங்கள் பொறுத்திருந்து, பறந்த அன்றே துப்புரவு செய்து அடைத்துவிடுவதே முறை. ஒரு வாரம் தாமதித்தாலும் அதே கூட்டில் மறுமுறை முட்டை இருக்கும்.

துப்புரவு செய்யும்போது உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. இதனை மிகவும் வற்புறுத்த விரும்புகிறோம். வீட்டுச் சாளரங்களை மூடிவிட்டு, மூக்கையும் வாயையும் நன்கு மூடும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சவர்க்காரம் கலந்த நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பின்னர் ஈரமாகவே சுரண்டியெடுத்துப் பையிலிட்டுக் கட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், முதியோர், குழந்தைகள் ஆகியோர் இப்பணியில் ஈடுபடலாகாது. பல நாள் சேர்ந்த எச்சமாயின், தக்க கருவிகளுடைய பணியாளரை அமர்த்துதல் நன்று.

கடைகளில் பல கருவிகள் விற்கப்படுகின்றன. காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பிப் பறவையை விரட்டும் என்று விளம்பரம் செய்யப்படும் கருவி அவற்றுள் ஒன்று. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரையிலுள்ள ஒலியைக் கேட்கும். பறவைகளின் செவியோ பெரும்பாலும் 10,000 அதிர்வை ஒட்டியே நின்றுவிடுகிறது. நமக்கே கேளாத ஒலி புறாவிற்கு எங்ஙனம் கேட்கும்? அக்கருவிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. மின்னும் நாடா, பழைய ஒலித்தட்டு, பொம்மை ஆந்தை ஆகியவற்றிற்கும் பறவை சில நாளே அஞ்சும். அசையாத ஆந்தையின் தலைமீதே புறா அமர்ந்திருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பர்.

காகத்தோடு பழகும் வகை

காகம் வேறு வகையான அறிவுடையது. கோடைக்காலத்தில் அது மரத்தில் கூடு கட்டியிருக்கும்போது, கீழே செல்வோர் தலையைக் கொத்த வருவதுண்டு. சிலர் இதனைத் தீய நிமித்தமென்று கருதி அஞ்சுவர். உண்மையில் அது தன் குஞ்சைக் காக்கும் செயலே. குஞ்சு பறக்கத் தொடங்கும் சில வாரங்களுக்கு மட்டும் இது நீடிக்கும். அந்நாட்களில் குடை பிடித்துச் செல்வது போதும். கல்லெறிவது தீமையை மிகுவிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்னும் அறிஞர் முகமூடிகளைக் கொண்டு ஆய்வு நடத்தி, தமக்குத் துன்பம் செய்த முகத்தைக் காகங்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதைக் காட்டினார். அவர் ஆராய்ந்தது அந்நாட்டுக் காகம். நம் ஊர்க் காகம் அதற்கு உறவே. மேலும், நாம் வேனிலில் விரும்பிக் கேட்கும் குயில் முட்டையிடுவது காகத்தின் கூட்டில்தான். காகத்தின் கூட்டைக் கலைத்தால் குயிலின் குரலும் குறையும்.

மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் உலர்த்தும் இல்லத்தரசியர்க்குக் காகம் பழைய பகைவன். கருங்குடையை விரித்து வைப்பது இரண்டு நாள் பயன் தரும். மூன்றாம் நாள் காகம் குடை நிழலிலேயே அமரும். கட்டிலின்மேல் உலர்த்தி, நான்கு கால்களிலும் கழி கட்டிக் கொசுவலையால் மூடிவிடுதலே எளிய வழி. ஈயும் அண்டாது; வெயிலும் தடைப்படாது.

இனி, காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தைப் பற்றிக் கூறல் வேண்டும். அமாவாசையிலும் நீத்தார் கடன் நாளிலும் முதற் கவளத்தைக் காகத்திற்கு வைத்துவிட்டு உண்பது நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நிலவும் வழக்கம். வேற்று மாநிலத்தில் வாழும்போது இத்தகைய வழக்கங்களே நம்மை ஊரோடு பிணைத்து வைக்கின்றன. அவற்றைக் கைவிடுமாறு கூறுவது எம் கருத்தன்று. ஆனால் ஊரில் கொல்லைப்புறத்துத் துளசி மாடத்தருகே வைத்த கவளம் வேறு. ஏழாம் மாடியின் சாளர விளிம்பில் வைக்கும் கவளம் வேறு. விளிம்பில் வைத்த சோற்றைப் பெரும்பாலும் புறாவே உண்கிறது. எஞ்சியது கீழ்வீட்டார் துணியின்மேல் விழுகிறது. ஆகவே சோற்றை மொட்டைமாடியிலோ தரையிலுள்ள திறந்த இடத்திலோ இலையில் வைத்து, ஒரு கவள அளவோடு நிறுத்தி, காகம் உண்டதும் இலையை எடுத்து அவ்விடத்தை நீரால் கழுவிவிடலாம். வழக்கமும் நிலைக்கும், அண்டை அயலாரும் வருந்தார்.

தோட்டத்துப் பறவைகளும் சிட்டுக்குருவியும்

தோட்டமுள்ளோர் கிளியையும் மைனாவையும் குறை கூறுவர். கொய்யா, மாதுளை, சப்போட்டா ஆகியவற்றைக் காய் பருவத்திலேயே ஒவ்வொன்றாகத் துணிப்பையாலோ தாள் பையாலோ மூடிக் கட்டினால் பெரும்பகுதி தப்பும். மரம் முழுவதும் வலை போர்த்துவதில் பாம்பும் பறவையும் சிக்குவதுண்டு. ஆதலின் அதனைத் தவிர்த்தல் நன்று. கைக்கு எட்டாத உச்சிக் கிளைப் பழங்களைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம். மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்துடன் புழு பூச்சிகளையும் தின்கின்றன. அவை செய்யும் உதவிக்கு அது கூலியாகும்.

சிட்டுக்குருவியைத் தொல்லையென்று எண்ணுதல் தகாது. பெருநகரங்களில் அது குறைந்துவருகிறது. ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள துளையிட்ட சிறு மரப்பெட்டியைத் தாழ்வாரத்தில் மாட்டினால் குருவி உட்புகும். புறாவும் மைனாவும் புக இயலா. எல்லாப் பறவைகளையும் ஒருசேர விரட்டுவது எம் நோக்கமன்று என்பதற்கு இப்பெட்டியே சான்றாகும்.

நோயும் சட்டமும்

2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இராஜஸ்தானின் ஜாலாவாரிலும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் காகங்கள் பறவைக் காய்ச்சலால் மடிந்தன. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளிடையே அந்நோய் தோன்றிற்று. ஓரிடத்தில் பறவைகள் பல ஒருசேர இறந்து கிடந்தால் அவற்றைக் கையால் தொடாது, அருகிலுள்ள கால்நடைத் துறை அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அவ்விடத்தினின்று விலக்கி வைத்தல் வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் பட்டியல்களில் உள்ள பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சிதைப்பதையும் வேட்டையாகவே கருதுகிறது. அச்சட்டத்தில் முன்னர்க் காகமும் எலியும் தொல்லையுயிர்ப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. அது 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமே. நஞ்சிட்டும் கண்ணி வைத்தும் உயிர்களை வதைப்பதை 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது.

ஒருவரால் ஆகாத காரியம்

மேற்கூறிய முறைகளில் பலவற்றைத் தனியொரு குடும்பம் செய்து பயனில்லை. ஒரு வீட்டில் வலை கட்டினால் புறா அடுத்த வீட்டிற்குச் செல்லும். அடுத்த வீட்டாரும் கட்டிய பின், தீனியிடும் மூன்றாம் வீட்டின் வாயிலில் கூடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசி, தீனியிடுவதற்கும் குப்பை மூடுவதற்கும் பொதுவான விதி வகுத்துக்கொள்வதே நிலையான தீர்வு. வாடகைக்கு இருப்போர் வலை கட்டுமுன் வீட்டு உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெறுதல் நன்று. சுவரில் துளையிட்டதற்காகப் பின்னர்ப் பூசல் எழாது.

வேற்று மாநிலத்தில், வேற்று மொழி பேசும் அண்டை வீட்டாரிடம் இதனைக் கூறுவது சிலருக்குத் தயக்கமாக இருக்கலாம். தீனியிடுபவர் தம் சமய அறமாகவே அதனைச் செய்யக்கூடும். ‘நீங்கள் செய்வது குற்றம்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறியும். நாமும் காகத்திற்குச் சோறு வைக்கும் குடியினர்தாம் என்று தொடங்கி, தூளால் மூச்சு முட்டும் முதியவர் ஒருவரின் நிலையை எடுத்துரைத்தால் பெரும்பாலோர் செவி சாய்ப்பர். தீனிக்குச் செலவிடும் பொருளைக் காயமுற்ற பறவைகளைப் பேணும் இல்லத்திற்கு அளிக்கலாமே என்றும் கூறலாம். அறவுணர்ச்சிக்கு வேறு வழி காட்டினால் அது பகையாக மாறாது.

நேலப்பட்டின் ஏரி ஆயிரக்கணக்கான பறவைகளைத் தாங்குகிறது. நம் பால்கனிக்கு அத்துணை வலிமை இல்லை. அவ்வளவை உணர்ந்து நடந்தால் பறவைக்கும் துன்பமில்லை, நமக்கும் நோயில்லை. அடுத்த அமாவாசையன்று கவளத்தைச் சாளர விளிம்பில் வைக்காமல் மொட்டைமாடிக்கு எடுத்துச் செல்வதிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.